காணிக்கைப் பவனியில் என் செருப்பு

இன்று காலை விவேக் நகர் தேவாலயத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் மகள் ஸ்டெல்லாவுக்கு மனநோய். மாத்திரை சாப்பிடுகிறாள். போன வருடம் பூசை நடுவில் எழுந்து கத்திவிட்டாள். அன்றிலிருந்து எங்களுக்குக் கடைசி பெஞ்சுதான். எல்லாரும் செருப்பை வாசலில் விடுவார்கள். நான் மட்டும் கையோடு கொண்டுபோவேன். அவள் கத்தினால் குவியலில் தேடாமல் கூட்டிக்கொண்டு ஓடலாமே!

இன்று சிஸ்டர் நேராக எங்களிடம் வந்தார். "ஸ்டெல்லா, காணிக்கைப் பவனியில திராட்ச ரசக் குப்பிய நீ எடுத்துட்டு வாம்மா."

"வேணாம் சிஸ்டர்," என்றேன்.

"உங்கள கேக்கலையே."

ஸ்டெல்லா எழுந்துவிட்டாள்.

குப்பியை ஏந்திப் பீடத்தை நோக்கிப் போனவள் பாதி வழியில் நின்றாள். பாட்டும் முடிந்துவிட்டது. போச்சு, கத்தப்போகிறாள் என்று செருப்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

முன்னால் அப்பத்தட்டு ஏந்திப் போன பெரியவருக்கு மூச்சு வாங்கியிருக்கிறது. அவருக்காகத்தான் நின்றிருக்கிறாள்.

அது புரிவதற்குள் நானும் பீடத்தின் முன்னால். ஃபாதர் அப்பத்தை வாங்கினார், ரசத்தை வாங்கினார், பிறகு என் கையைப் பார்த்தார்.

"அத நீங்களே வச்சிக்கோங்க," என்றார் மெதுவாக.

வெளியே வந்ததும் ஸ்டெல்லா, "அடுத்த ஞாயித்துக்கிழமையும் கூப்பிட்டிருக்காங்கப்பா. செருப்ப வாசல்ல விடுறதா இருந்தா வாங்க, இல்லன்னா வீட்லயே இருங்க," என்றாள்.

சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொள்ள யாராவது வருகிறீர்களா?