கருவாட்டுப் பரணும் நெட்டுக்குப்பத்து ஈக்களும்

நான் பிறந்தது ராயபுரம். கல்யாணம் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது எண்ணூர்ப் பக்கத்து நெட்டுக்குப்பம். பெண்டாட்டி ஊரிலேயே குடியேறிவிட்ட ஆம்பளையை எங்கள் பக்கத்தில் என்னவெல்லாம் சொல்வார்கள் என்று எழுதினால் அச்சுக்கு ஆகாது. ஆனால் ஒரு லாபம் உண்டு. இரண்டு ஊர் ஈக்களோடும் ஒன்றாகக் குடும்பம் நடத்தியவன் என்கிற தகுதி இந்தப் பக்கத்தில் என்னைத் தவிர வேறு யாருக்கும் இல்லை.

ராயபுரம் ஈ டீக்கடை ஈ. சாம்பல் நிறம், சின்ன உடம்பு, பன், பஜ்ஜித் தட்டு, தூங்குகிறவன் வாய் என்று எதையும் விடாது. நெட்டுக்குப்பத்தில் அதுவும் உண்டு. ஆனால் இங்கே ராஜா வேறு ஆள். மயில் கழுத்துப் பச்சையில் பளபளவென்று, குண்டாக, கல்யாணத்துக்குப் பட்டு கட்டி வந்த மாதிரி இருக்கும். மீன் தலையை வெட்டிப் போட்டால், கத்தியைக் கழுவி வைப்பதற்குள் வந்து உட்கார்ந்துவிடும். உப்பளப் பக்கம் போனால் இன்னொரு பொடி ஈ, தண்ணீர் மேலேயே பாய் விரித்த மாதிரி கூட்டமாக உட்கார்ந்திருக்கும். அதற்கு மனுஷன் சகவாசமே வேண்டாம். குளியலறைச் சாக்கடைக் குழி ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் மயிரடர்ந்த சின்ன ஈ நாலாவது ரகம். தட்டினால் பறக்காது, பொடியாகும்.

நான் கண்டெய்னர் வண்டி டிரைவர். வண்டி ஓடும் நேரத்தைவிட துறைமுகத்துக்குள் போக வரிசையில் நிற்கும் நேரம்தான் அதிகம். அப்படி நிற்கும்போது பார்க்க வேறு என்ன இருக்கிறது? காசிமேட்டில் கேபினுக்குள் ஏறிய ஈ, திருவொற்றியூர் தாண்டி எண்ணூர்வரைக்கும் டிக்கெட் எடுக்காமல் வரும். ஆலைகள் நிறைந்த மணலி பக்கம் லோடு போனால் மட்டும், கண்ணாடியை இறக்கிவிட்டாலும் இறங்காது. வெளிக்காற்றை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு டேஷ்போர்டுக்கே திரும்பிவிடும். மீன்பிடித் தடைக்காலத்தில் போட்டெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். ஈக்கு ஏது தடைக்காலம்? அது நுங்கு மட்டை குவிந்த இடத்துக்கும் மாம்பழ வண்டிக்கும் வேலை மாறிக்கொள்ளும். போட்டெல்லாம் கடலுக்குப் போன அன்றைக்கே, யார் தகவல் சொன்னார்களோ, மறுபடி கரையில் ஆஜர்.

இத்தனை தெரிந்த நான்தான் அன்றைக்கு அந்தக் காரியத்தைச் செய்தேன்.

என் மனைவியும் எங்கள் தெருப் பெண்கள் சிலரும் சேர்ந்து கருவாடு போடுகிறார்கள். மணலில் கொட்டிக் காய வைக்கிற வேலை கிடையாது. இடுப்பு உயரத்துக்குக் கழி நட்டு, மேலே வலையை இழுத்துக் கட்டின பரண். காற்று மேலேயும் போகும், கீழேயும் போகும். வாளை மீனைத் தலை வெட்டி, வயிற்றோடு பிளந்து, குடலும் செவுளும் ஒட்டில்லாமல் எடுத்து, உப்புத் தண்ணீரில் அலசி, பிறகு கல் உப்பு போட்டு ஊறவைத்துத்தான் பரணில் ஏற்றுவார்கள். ஈ முட்டை வைக்கத் தேடுவது ஈரமான மறைவைத்தான். வாய், செவுள், வயிற்று மடிப்பு. அந்த இடங்கள் இல்லையென்றால் அது வரும், சுற்றிப் பார்க்கும், போய்விடும். மேலே பழைய கொசுவலையை வேறு விரிப்பார்கள். வெட்டின குடலையெல்லாம் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பில் போட்டு, தூரத்தில் ஆழமாகப் புதைத்துவிட வேண்டும். நான் வீட்டில் இருக்கும் நாளில் அந்த டப்பு என்னுடைய வேலை. எனக்குக் கொடுத்திருக்கும் ஒரே வேலை.

இப்படிப் பார்த்துப் பார்த்துப் போடும் கருவாடு இத்தனை வருஷமும் வியாபாரிகள் வழியாகப் போய் வேறு வேறு ஊர்ப் பெயரில் விற்றுக்கொண்டிருந்தது. அது என் மனைவிக்கு நெஞ்சில் முள். போன வருஷம் மேற்குச் சென்னையில் கருவாட்டைப் பொட்டலம் கட்டி விற்கும் ஒரு பெண் தேடி வந்தார். சின்ன வயசு, சொந்தக் கடை. கருவாடு பிடித்துவிட்டது. என் மனைவி ஒரே ஒரு பேச்சுதான் பேசினாள்.

“பாக்கெட்டு மேல நெட்டுக்குப்பம்னு போடணும். அது இல்லாங்காட்டி வோணாம்மா.”

அந்தப் பெண் தயங்கினார். “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எண்ணூர்ப் பக்கம்னு சொன்னாலே ஜனங்களுக்குப் புகைதான் ஞாபகம் வருது. அழுக்கு, ஈ... நான் ஒரு நாள் காயப்போடறப்ப வந்து நேர்ல பாத்துட்டு முடிவு சொல்றேனே.”

“வா. வந்து பாரு,” என்றாள் இவள். அவ்வளவுதான். பயம் அவளுக்கு இல்லை. அவளிடம் இல்லாத பயம் முழுவதும் மூட்டையாகக் கட்டி என் தலையில் ஏறிக்கொண்டது.

ஊர்ப் பெயர் ஒரு ஈயால் போய்விடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் பாலிதீன் பையில் தண்ணீர் கட்டித் தொங்கவிட்டேன். ஈக்கள் அதில் முகம் பார்த்தன. வேப்பிலைப் புகை போட்டேன். ஈக்கள் பக்கத்து வீட்டுக்குப் போயின, பக்கத்து வீட்டுக்காரி என் வீட்டுக்கு வந்தாள். பசை அட்டை வாங்கி வைத்தேன். அதில் முதலில் மாட்டியது என் லுங்கி. கொசு அடிக்கும் மின்சார பேட்டை வைத்துக்கொண்டு தெருவில் டென்னிஸ் ஆடியதை என் மச்சினிச்சி, அதாவது மனைவியின் சித்தப்பா மகள், இன்றைக்கும் ஆளாளுக்கு நடித்துக் காட்டுகிறாள்.

அந்தப் பெண் வருவதாகச் சொன்ன நாள் வந்தது. விடிந்ததும், முந்தின நாள் ஊறவைத்த வாளையைப் பரணில் ஏற்றிவிட்டு, அன்றைய மீனை வெட்டி முடித்தார்கள். டப்பு நிறையக் குடல், தலை, செவுள். வழக்கம்போல என் மனைவி என்னிடம் கொடுத்தாள்.

டப்பைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஈக்குப் பிடித்தது எது? உப்புப் போட்ட கருவாடா, புதுக் குடலா? குடல்தானே! அப்படியென்றால் எதற்குப் புதைக்க வேண்டும்? பரணைவிட்டுத் தள்ளி, கடலோரமாக ஒரு விருந்து வைத்துவிட்டால் ஊர் ஈ மொத்தமும் அங்கே பந்தியில் உட்கார்ந்துவிடும். பரண் பக்கம் ஒன்றுகூட எட்டிப் பார்க்காது. இந்த அறிவு இத்தனை நாள் எங்கே இருந்தது என்று எனக்கே புல்லரித்தது. கிழக்கே, அலைக்குச் சற்று மேலே, மூடியைத் திறந்து டப்பைச் சாய்த்துக் கொட்டினேன். பாதி என் சட்டையிலும் கொட்டியது. பெரிய காரியத்துக்கு நடுவில் சட்டையை யார் பார்த்தார்கள்?

திரும்பி வந்து பார்த்தால் பரணில் ஈயே இல்லை. தேடிப் பிடித்தால் ஒன்றிரண்டு. மார்பை நிமிர்த்திக்கொண்டு பரணைச் சுற்றி மாப்பிள்ளை மாதிரி நடந்தேன்.

“இன்னா மாமா, ரொம்ப குஷியா கீற?” என்றாள் மச்சினிச்சி.

“மூளைக்காரன் வூட்ல பொறந்தவன்டீ நானு. போவப்போவப் பாரு.”

போகப்போகத்தான் பார்த்தோம். காலையில் எங்கள் பக்கம் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். குடல் வாடையெல்லாம் அப்போது கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் ஈ இல்லை. என் மூளையால் இல்லை. வெயில் ஏறினதும் காற்று விழுந்தது. கொஞ்ச நேரம் ஓர் இலை அசையவில்லை. அப்புறம் கடல்காற்று எழுந்தது. கிழக்கே நான் வைத்த விருந்தின் வாடையை அள்ளிக்கொண்டு, பரணைத் தாண்டி, தெருவைத் தாண்டி, ஊருக்குள் வீடு வீடாகப் போய் அழைப்பு வைத்தது.

வாடை எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசையில் ஈ எதிர்காற்றில் ஏறி வரும். வந்தன. மீன் ஏலம் போடும் இடத்திலிருந்து, டீக்கடையிலிருந்து, குப்பைத் தொட்டியிலிருந்து, எனக்கு இதுவரை அறிமுகமே ஆகாத இடங்களிலிருந்தெல்லாம். ஊருக்கும் விருந்துக்கும் நடுவில் இருந்தது எங்கள் பரண். நெடுந்தூரம் வந்தவர்கள் எல்லாரும் அங்கே இறங்கி இளைப்பாறிவிட்டுப் போனார்கள்.

என் மனைவி காற்றை ஒரு தடவை மோந்தாள். கடற்கரைப் பக்கம் பார்த்தாள். பிறகு என் சட்டையைப் பார்த்தாள்.

“யோவ். டப்ப எங்க பொதச்ச?”

“பொதைக்கல... ஈக்குத் தனியா பந்தி வெச்சிக்கீறேன். எல்லாம் அங்க போயிடும்னு...”

“பந்தியா?” அவள் சத்தம் போடவில்லை. அதுதான் பயம். “ஊர்ல கீற ஈக்கெல்லாம் பத்திரிகை வெச்சு இட்டாந்துக்கீறியேய்யா!”

மச்சினிச்சி ஏற்கெனவே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கடலோரம் ஓடிக்கொண்டிருந்தாள். மற்ற பெண்கள் கொசுவலையின் ஓரங்களை இழுத்துப் பரணின் அடியில் கட்டினார்கள். நான் துண்டை எடுத்து நாலா பக்கமும் சுழற்றினேன். சுழற்றின வேகத்தில் ஈ போனதோ இல்லையோ, வலையின் ஒரு முடிச்சு அவிழ்ந்தது.

“நீ ஒண்ணியும் புடுங்க வோணாம், தள்ளிப் போ அப்பால!” என்று என் மனைவி என்னைத் துரத்தினாள்.

தள்ளிப் போகச் சொன்னால் தள்ளி நிற்க வேண்டியதுதானே? நான் சாலைக்கே ஓடினேன். அந்தப் பெண் அப்போதுதான் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தார். இரண்டு கையையும் விரித்து மறித்தேன்.

“இன்னிக்கு வோணாம்மா. திரும்பிப் போயிடுங்க. ஊர்ல... ஊர்ல யாருக்கோ ஒடம்பு சரியில்ல.”

“யாருக்குண்ணா?”

அதை நான் யோசித்து வைக்கவில்லை. “எனக்குத்தான்,” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சட்டை முழுக்க மீன் குடல், அதன்மேல் ஒரு பச்சைக் கூட்டம். காதைச் சுற்றி இன்னொரு கூட்டம். நோய் என்று நம்பியிருந்தால்கூடத் தப்பில்லை. ஆனால் அவர் ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டு நேராகப் பரணுக்கு நடந்தார். ஊர்ச் சபைக்குக் குற்றவாளியை இழுத்துப் போகிற மாதிரி, அவர் பின்னாலேயே நான். இழுக்க ஆள் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

என் மனைவி எதையும் மறைக்கவில்லை. அந்த இடத்தில் நானாக இருந்தால், இது ஈயே இல்லை, பட்டாம்பூச்சி என்று சாதித்திருப்பேன். அவள் சொன்னாள்: “வாம்மா. இன்னிக்கு ஈ ஜாஸ்தி. எங்க வூட்டுக்காரரு பண்ண வேல. இல்லன்னு சொல்ல மாட்டேன். எது மேல குந்திகினு கீதுன்னு மட்டும் பாத்துக்கோ.”

எல்லாரும் பார்த்தோம். கடலோரத்தில் குடலைப் புதைத்த குழியைச் சுற்றி ஈ இருந்தது. யாரோ கொண்டுவந்து வைத்த டீ டம்ளரின் விளிம்பில் இருந்தது. கழியின் தலையில் இருந்தது. வலைமேல் இறங்கினவை காற்றுக்குக் கால் ஊன்ற முடியாமல் புரண்டு எழுந்து போயின. அவிழ்ந்த முடிச்சு வழியாக உள்ளே போன சில ஈக்கள் வாளையின்மேல் நடந்து பார்த்தன. உப்பு. வேறொரு இடம். அங்கேயும் உப்பு. வந்த வழியே திரும்பின. திரும்பி எங்கே போயின? என் சட்டைக்கு.

“அங்க பாரு,” என்றாள் மச்சினிச்சி மண்வெட்டியைத் தோளில் போட்டபடி. “கருவாடு சுத்தமா கீது. மாமா மேலதான் புழு வெக்கும் போல.”

அந்தப் பெண் சிரிக்காமல் இருக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. சிரித்துக்கொண்டே வலைக்குள் கையை விட்டு ஒரு வாளையை எடுத்தார். வயிற்றை விரித்துப் பார்த்தார். மடிப்பில் விரலை ஓட்டினார். மூக்கருகே வைத்தார். அடியில் கிடந்த இன்னொன்றை எடுத்தார். என் மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்த நிற்பு இருக்கிறதே, கடலோரத்து ஆலைப் புகைபோக்கிகூட அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு அவர் முடிவு சொல்லவில்லை. “இன்னொரு நாள் சொல்லாம வருவேங்க்கா,” என்றார்.

“சொல்லாத வா. அதான் நல்லது. சொன்னாத்தான் இந்தாளு எதுனா பண்ணி வெக்கிறாரு.”

சொல்லாமல் வந்தார். ஒரு நாள் காற்றே இல்லாத புழுக்கத்தில், ஒரு நாள் மழை முடிந்த சேற்றில். இரண்டு நாளும் நான் வண்டியில் இருந்தேன். தற்செயல் இல்லை, பரணில் மீன் காயும் நாளெல்லாம் என்னை வண்டிக்கு அனுப்பிவிட வீட்டில் ஏற்பாடு செய்துவிட்டார்கள். ஆனால் காசிமேட்டு வரிசையில் நின்றுகொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கேபினில் ஏறிய ஈயிடம், “நெட்டுக்குப்பம் பக்கம் மட்டும் இன்னிக்குப் போயிடாதப்பா” என்று கெஞ்சிக்கூடப் பார்த்தேன்.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம் நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால், பெண்கள் எல்லாரும் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பாக்கெட். உள்ளே எங்கள் வாளை. மேலே தடித்த எழுத்தில் ‘நெட்டுக்குப்பம் கருவாடு’. சின்ன எழுத்தில் இல்லை. பின்பக்கத்திலும் இல்லை. முன்னால், நடுவில்.

நான் ராயபுரத்துக்காரன். ஆனாலும் அந்தப் பாக்கெட்டைக் கையில் எடுத்து எழுத்தைத் தடவிப் பார்த்தேன். சாலையில் என் வண்டி போகும்போது, எண்ணூரா என்று மூக்கைச் சுளித்த ஆட்களின் முகமெல்லாம் ஞாபகம் வந்தது. அவர்கள் இனி இதைக் கையில் எடுத்து, ஊர்ப் பெயரைப் படித்து, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைப்பார்கள்.

“இன்னாய்யா, கண்ல தண்ணி?”

“ஈ வுழுந்துட்ச்சி,” என்றேன்.

பாக்கெட்டை வாங்கி டிவி மேடையில் சாய்த்து நிறுத்தினாள் என் மனைவி. எல்லாரும் எழுந்து போனபிறகு, எங்கிருந்தோ ஒரு பச்சை ஈ வந்து சரியாக எழுத்தின்மேல் உட்கார்ந்தது. முன்னங்கால் இரண்டையும் தேய்த்துக்கொண்டு, ஓர் எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்கு நடந்தது. பழக்கதோஷம், என் கை துண்டுக்குப் போனது.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

“வுடுய்யா. படிச்சிட்டுப் போவட்டும்.”