குருவிட்டையில் ஒரு நேட்டிவ்

ஒருவருக்குத் தாய்மொழி எது என்பதை யார் தீர்மானிப்பது? பெற்றவளா, பேசும் நாக்கா, கேட்கும் காதா? குருவிட்டைக்குப் பக்கத்து இறப்பர் தோட்டத்து ஹில்டாவை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது.

ஹில்டாவின் அம்மா துரை பங்களாவில் ஆயா. பிள்ளையில்லாத துரைசாணி குழந்தையைத் தன் மடியிலேயே வைத்து வளர்த்தார். அதனால் ஹில்டா முதலில் பேசியது ஆங்கிலம். தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டதும் துரைசாணி கப்பலேறினார். ஐந்து வயது ஹில்டா தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு வந்தாள். தண்ணீருக்குத் தமிழில் என்ன சொல் என்றுகூட அவளுக்குத் தெரியாது. லயத்துப் பிள்ளைகள் சீக்கிரமே தமிழ் சொல்லிக்கொடுத்தார்கள், முதலில் கெட்ட வார்த்தைகளை. ஆனாலும் மடியில் கற்ற ஆங்கிலம் அவளை விட்டுப் போகவில்லை.

1998இல், முப்பது வயதில், இரத்தினபுரியில் கபூர் நடத்திய ஆங்கில டியூஷன் வகுப்புக்கு வேலை கேட்டுப் போனாள். மாணிக்க வியாபாரிகளின் பிள்ளைகள் படிக்கும் இடம். ‘நேட்டிவ் ஸ்பீக்கர் தேவை’ என்று விளம்பரம். வேலை கிடைத்தால் லயத்தை விட்டு டவுனுக்குக் குடிவரலாம். அவளும் புருஷன் அமிர்தநாதனும் வருஷக்கணக்காக ஏங்கியது அதற்குத்தான்.

கபூர் ஏற இறங்கப் பார்த்தார். “நேட்டிவ்னா வெள்ளக்காரங்க, தங்கச்சி.”

“வெள்ளக்காரங்க இருந்தப்ப நேட்டிவ்னு எங்களத்தாங்க சொன்னாங்க. எப்ப மாத்துனீங்க, மொதலாளி?”

கபூருக்குச் சிரிப்பு வந்தது, நம்பிக்கை வரவில்லை. கீழ்க் கடைக்குக் கல் வாங்க வந்திருந்த ஜெர்மன்காரரைப் பரீட்சை வைக்க மேலே கூட்டி வந்தார். ஆள் வெள்ளை, அது போதும். அவருடைய ஆங்கிலமோ நொண்டி நொண்டித்தான் நடந்தது. காலையில் என்ன செய்தாய் என்று கேட்டார். புருஷனைப் பரேடுக்கு அனுப்பிவிட்டு பஸ் ஏறினேன் என்றாள் ஹில்டா, சரளமான ஆங்கிலத்தில்.

ஜெர்மன்காரரின் முகம் மாறியது. யுத்த காலம்.

“புருஷன் ஆர்மியிலயா?” என்று பதறினார் கபூர்.

“ஐயோ, தோட்டத்துல றப்பர் பால் வெட்டுறவருங்க! காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் போவாங்களே, பெரட்டு! எங்க துரைசாணி அதப் பரேடுன்னுதான் சொல்லுவாங்க.”

அது ஆங்கிலமே இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஜெர்மன்காரர் கிளம்பினார். படிக்கட்டுக்கு மேலே உத்திரம் தாழ்வு, ஆள் நெட்டை.

“மைண்ட் யுவர் ஹெட்!” என்று ஹில்டா கத்தினாள். அவர் குனிந்து தப்பினார்.

கபூர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். யோசித்துப் பேசினால் எவரும் எந்த மொழியும் பேசலாம், இவள் யோசிக்கவில்லை. “திங்கக்கிழம வந்துருங்க, தங்கச்சி” என்றார்.

நல்ல ஆசிரியை என்று அவளைச் சொல்வதற்கில்லை. பொறுமை கிடையாது. “ஏன் மிஸ் இப்படி வருது?” என்று கேட்டால், “அது அப்படித்தான்” என்பாள். காரணம் தெரியாமல் சரியாகப் பேசுவதுதான் தாய்மொழி என்றால், அதில் அவளுக்குக் குறையில்லை. பிள்ளைகள் எப்படியோ பேசக் கற்றார்கள். ஹில்டாவும் அமிர்தநாதனும் டவுனில் அறை எடுத்தார்கள்.

2000இல் மகள் சரோன் பிறந்தாள்.

“நீ புள்ளகிட்ட இங்கிலீசுலயே பேசு. நம்ம வீட்டுலயும் ஒரு நேட்டிவ் இருக்கட்டும்” என்றார் அமிர்தநாதன்.

ஹில்டா தலையாட்டினாள். பிறகு மகளிடம் பேசியதெல்லாம் தமிழ். அதில் ஒரு ஆங்கில வாக்கியம்கூட இல்லை. 2008இல் சரோனை ஆங்கிலம் படிக்கக் கபூரின் வகுப்புக்கே கூட்டி வந்தாள். ஆனால் சேர்த்தது தன்னிடம் அல்ல, பக்கத்து அறையில் நிரோஷா டீச்சரிடம்.

“என்ன தங்கச்சி இது, ஊட்டுல சும்மா கெடைக்கிறத இங்க படிக்க வைக்கிறீங்க?” என்றார் கபூர்.

“அது துரைசாணி மடியில வந்த பாஷைங்க, எம்புள்ளைக்கு அம்மா மடியில தமிழுதான். பெல் அடிச்சிருச்சுங்க” என்று ஹில்டா தன் வகுப்புக்குள் போய்விட்டாள்.