பெட்டிக்கு ஆகாத இரும்பு

"இடுப்புச் சாவியை எடுத்து அங்கிட்டு வைங்கண்ணே. அருவா, கத்தி எம்புட்டு இருந்தாலும் வரப்புக்கு அந்தப் பக்கம்" என்று சொல்லிக்கொண்டே ஞானசீலன் முக்காலியை விரிக்கிறார். நிலம் அளக்கப் பசுமலையிலிருந்து அவர் ஏறி வந்த சைக்கிள் கண்மாய்க் கரையோடு நின்றுவிட்டது. கம்பி வைத்த குடையும் அதில்தான் தொங்குகிறது. செருப்பில் ஆணி இருக்கிறதாம், அதுவும் அங்கேதான். மனுஷர் வெறுங்காலோடு வெயிலில் காய்கிறார்.

முக்காலியின் கால்களை மண்ணில் அழுத்தி, மேலே காம்பசுப் பெட்டியைப் பொருத்தி, அதன் அடியிலிருந்து ஒரு கூழாங்கல்லை நழுவ விடுவார். எல்லைக்கல்லின் நடுவில் அது விழாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. பிறகு ஊசியை விடுவித்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்வார். கண்ணாடிக்குள் இருக்கிற ஊசியை இவர் மூச்சு என்ன செய்யும் என்று கேட்டேன். "ஒண்ணும் செய்யாதுதான். பழகிப் போச்சு" என்றார்.

சென்ற வாரம் செக்கானூரணிப் பக்கம் ஒரு பாகப்பிரிவினைக்கு அவரோடு போயிருந்தேன். பத்திரம் சொல்கிற திசைக்குப் பெட்டியைத் திருப்பினால், காண்துளை வழியே தெரிவதுதான் எல்லை. அந்த நிலத்தில் இருந்த ஒரே கிணறு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பங்குக்குத்தான் தண்ணீர். மற்றவர் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். ஒரு பங்கு மொக்கையனுக்கு. மறு பங்கு ரங்கூனில் இருக்கிற அவன் தம்பிக்கு. தம்பியின் மனைவி ஒச்சம்மாள் தோளில் பச்சைப்பிள்ளையோடு நின்றாள்.

ஊசி நின்றதும் அவள் குனிந்து பார்த்தாள். ஊசி விலகியது. அவள் நகர்ந்ததும் பழைய இடத்துக்கு வந்தது. மறுபடி குனிந்தாள், மறுபடி விலகியது.

"ஊசியத் திருப்புறாக! எம்பிள்ள தண்ணிக்கு எங்க போகும்?"

"மடியில என்ன இருக்கு தாயி?" என்றார் ஞானசீலன்.

பாக்குவெட்டி இருந்தது. பச்சைப்பிள்ளையைக் காத்துக் கருப்பு அண்டாமல் இருக்க இரும்பு கூடவே இருக்க வேண்டுமே!

"கீழ வைக்க மாட்டேன். என் கண்ணால பாக்காம கோடு போடவும் விட மாட்டேன்" என்றாள். பிள்ளையை மொக்கையன் வீட்டாரிடம் கொடுக்கவும் மனமில்லை. எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

ஞானசீலனோ பேய் பிசாசு என்றால் வாய்விட்டுச் சிரிக்கிற, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர். அவளைத் தள்ளி நிற்கச் சொல்லி ஊசியைச் சரிபார்த்தார். பிறகு அவளிடம் போய் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"பிள்ளையக் குடு. இரும்பையும் குடு. நான் வச்சிருக்கேன், நீ போய்ப் பாரு."

இரண்டையும் வாங்கிக்கொண்டு தொலைவில் இருந்த புங்கமரத்தடிக்குப் போய்விட்டார். பெட்டியருகில் அவள் மட்டும் நின்றாள்.

"ஊசி அசையாம நிக்குதா? துளை வழியாப் பாரு. கெணறு எங்கிட்டு விழுது?" என்று மரத்தடியிலிருந்து கத்தினார்.

"எங்க பக்கந்தான்யா!" என்றாள். மொக்கையனும் குனிந்து பார்த்துவிட்டுத் துண்டை உதறினான்.

திடீரென்று ஒரு காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்தது. ஞானசீலன் பிள்ளையை மார்போடு அணைத்து, பாக்குவெட்டியை அதன் தலையோரம் நெருக்கிப் பிடித்துக்கொண்டார்.