வாடகைக்கு விட்ட இருட்டு

மின்சாரக் கம்பமே இல்லாத வீட்டில் இரண்டு நாள் தங்குவதற்குக் கொழும்பிலிருந்து ஆட்கள் காசு கொடுத்து வருவார்கள் என்று முதலாளி சொன்னபோது, மனுஷனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அவர் அட்டனில் மின்சாமான் கடை வைத்திருப்பவர். அவர் கடைக்குள் நுழைந்தால் பல்பும் வயரும் தலையில் இடிக்கும். அப்படிப்பட்டவர், கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், மருந்து கொடுப்பவர் முன்பு குடியிருந்து பாழடைந்து கிடந்த பழைய டிஸ்பென்சர் குவார்ட்டர்ஸைக் குத்தகைக்கு எடுத்து, வெள்ளையடித்து, சமைக்கவும் பார்த்துக்கொள்ளவும் என்னை அதில் வைத்தார். விளம்பரம் போட்ட மறுவாரமே ஆள் வந்தது. எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு அரிசி களைந்தேன்.

நான் லிந்துலைப் பக்கம் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்தவள். குப்பி லாம்புப் புகையில் மூக்கு கறுக்க வளர்ந்தவள். பிறகு கொழும்பில் வீடு வீடாகச் சமைத்து, சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம் வரும் வாழ்க்கைக்குப் பழகிப்போனேன். நாங்கள் எதிலிருந்து தப்பித்து ஓடினோமோ, அதையே இவர்கள் தேடி வந்து நடுக்கூடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிப் படம் எடுக்கிறார்கள். சிரிப்பு வராமல் என்ன செய்யும்? ஆனால் அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை.

வீட்டுக்குக் கரண்டு இரண்டு வழியில் வந்தது. கூரையில் சூரியத் தகடு. அது பேருக்குத்தான், மாதத்தில் பாதி நாள் மூடுபனி. உண்மையில் வேலை செய்தது வீட்டுக்குப் பின்னால் ஓடையில் வைத்திருந்த சின்ன டைனமோதான். மேலேயிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் விழும், அது சுற்றும், பெட்டரி நிறையும். அதை வைத்துப் பத்துப் பல்பு எரிக்கலாம், போன் சார்ஜ் பண்ணலாம், ஒரு குட்டி பிரிஜ்ஜை ஓடவைக்கலாம். அயன் பெட்டிக்கெல்லாம் அந்தக் கரண்டு காணாது. இதையெல்லாம் பெரிதாக எழுதிக் கதவில் ஒட்டியிருந்தேன். வருகிறவர்கள் அதை வாசித்து, "ஆஹா, எவ்வளவு எளிமை" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து தலைமுடி காயவைக்கும் மெஷினை எடுத்து மாட்டுவார்கள். வீடு பட்டென்று இருண்டுவிடும். ஒருவர் மின்கேத்தலைக் கொண்டுவந்து மாட்டினார். அடுப்பில் சுடுதண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்போதே மாட்டினார்.

அந்தக் குழாய்களைச் சுமந்துகொண்டுபோய் ஓடையில் பதித்தது எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கிற நான்கு குடும்பத்து ஆட்கள். அவர்களுடைய லயத்தின் பின்பக்கம் மண் சரிந்ததிலிருந்து, தகரக் கொட்டில்களில் இருக்கிறார்கள். தற்காலிகம் என்று சொல்லித்தான் கொண்டுவந்து விட்டார்கள். வருஷங்கள் போய், தகரமும் துருப்பிடித்துவிட்டது. தற்காலிகமான இடத்துக்குக் கம்பம் போட முடியாதாம். கம்பம் போட்டால் அது நிரந்தரம் ஆகிவிடுமாம். இப்படி ஒரு நியாயத்தை வெட்கமில்லாமல் சொல்லவும் ஆள் இருக்கிறது. ஆகவே குழாய் சுமந்த கூலிக்குப் பதிலாக, டைனமோவிலிருந்து ஒரு வயர் கீழே போகட்டும் என்று பேச்சாகியது. கொட்டிலுக்கு ஒரு பல்பு, எல்லோரும் தண்ணீர் பிடிக்கிற பீலியில் ஒரு பல்பு. பீலிப் பல்பைத்தான் அவர்கள் முதலில் கேட்டார்கள். ஏனென்றால் பீலிக்கு அந்தப் பக்கம் காடு. அங்கே சிறுத்தை நடமாட்டம் இருந்தது. பல்பு வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் பீலிக்கரையில் வைத்து அவர்களுடைய நாயைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது.

அந்தச் சனிக்கிழமை வந்தவர்கள் ஒரு புருஷனும் மனைவியும். மரியாதையான ஆட்கள், குறை சொல்ல முடியாது. மறுநாள் சாயங்காலம் விறாந்தையில் தேத்தண்ணி வைத்தபோது அந்த அம்மா சொன்னார்: "அக்கா, நேற்றிரவு என்ன மாதிரி இருட்டு! கீழே ஒரு லைட் கூட இல்லை. நட்சத்திரமெல்லாம் கையால பிடிக்கலாம் போல இருந்தது."

கீழே ஒரு லைட் கூட இல்லையா? ஐந்து பல்பு எரிய வேண்டுமே என்று நான் யோசிப்பதற்குள் அவர் அடுத்ததைக் கேட்டார். "பொழுதுபட்ட நேரம் கீழே இருந்து மேளம் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவ்வளவு அழகு. இங்க ஏதும் சாமி கும்பிடுறவங்களா?"

எனக்குத் தெரிந்து அங்கே கோயிலும் இல்லை, மேளமும் இல்லை. சமையலை அப்படியே போட்டுவிட்டுக் கீழே இறங்கினேன்.

இருட்டிக்கொண்டு வந்தது. நான்கு கொட்டிலிலும் பல்பு இல்லை, குப்பி லாம்புதான் எரிந்தது. முதல் கொட்டிலில் இருப்பவள் என்னிடம் நன்றாகப் பழகுகிறவள், கொழுந்து எடுக்கிறவள். அவள் இடுப்பில் ஒரு குடத்தை இடுக்கி, ஒரு கையில் எனாமல் பீங்கான் தட்டும் மறு கையில் கரண்டியுமாகப் பீலியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். டங், டங், டங் என்று தட்டிக்கொண்டே வந்தாள். சிறுத்தை கிட்டே வராமல் இருக்க. மேலே உட்கார்ந்திருந்தவர்களுக்கு மேளமாகக் கேட்டது அதுதான்.

"பல்பு என்னாச்சு? வயரு அறுந்துருச்சா?"

"இல்லக்கா, நாங்கதான் அணைச்சோம். மேல ஆளுக வந்திருக்காங்கல்ல."

"வந்தா?"

"அன்னைக்கு ஒரு நாளு மேல பட்டுனு இருட்டாயிருச்சே. நாங்க எரிக்கிறதுனாலதான் ஒங்களுக்குக் கரண்டு காணாம போகுதுன்னு எல்லாரும் பேசிக்கிட்டோம். அதுலேருந்து ஆளுக வந்தா அணைச்சுருவோம். பாவம், காசு குடுத்து வந்தவங்க."

பீலிப் பல்பையுமா என்று கேட்டேன். தலையாட்டினாள். காலையில் ஆறு மணிக்குள் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போக வேண்டியவர்கள், விடியுமுன்பே தண்ணீர் பிடிப்பவர்கள். அப்போதும் பீங்கானைத் தட்டிக்கொண்டுதான் போயிருக்கிறார்கள். ஆட்கள் வந்தால் பின்பக்க அடுப்படியை விட்டு நகராத எனக்கு, எத்தனை சனி ஞாயிறு இப்படிப் போனது என்று தெரியவில்லை, அவளிடம் கேட்கவும் பயமாக இருந்தது.

எனக்கு ஆத்திரம் வந்தது. இவர்கள் ஐந்து பல்பையும் அணைத்து மிச்சம்பிடித்த கரண்டு, மேலே ஒருத்தி தலைமுடியை ஒரு பக்கம் காயவைக்கக்கூடக் காணாது. அதற்காகச் சிறுத்தைக்கு முன்னால் நடந்திருக்கிறார்கள். இவர்களை இதற்கு யார் பழக்கினார்கள்? கேட்காமலே விட்டுக்கொடுக்க, கண்ணுக்குத் தெரியாமல் ஒதுங்கிக்கொள்ள, அதை மரியாதை என்று நினைத்துக்கொள்ள? நானும் அதே லயத்துச் சாதிதான், எனக்கு இது புதிதில்லை. அதனால்தான் இன்னும் எரிந்தது.

"போடு பல்ப" என்றேன். அவள் தயங்கினாள். நானே கொட்டில் கொட்டிலாகவும் பீலிக்கும் போய் ஐந்து சுவிட்சையும் போட்டேன்.

மேலே ஏறி வருவதற்குள் அந்த ஐயா விறாந்தைப் படியில் நின்றார். "அக்கா, கீழே லைட் வந்துட்டுது. நட்சத்திரம் வடிவாத் தெரியேல்லை. கொஞ்சம் அணைக்கச் சொல்லேலுமா?"

"சொல்ல மாட்டேங்க" என்றேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். மேளம் இல்லை, பீங்கான். சாமி கும்பிடவில்லை, சிறுத்தையை விரட்டுகிறார்கள். நீங்கள் ரசித்த இருட்டு அவர்கள் வீட்டு இருட்டு. இருவரும் தலையாட்டிக் கேட்டார்கள். சரி, மனசில் பட்டுவிட்டது என்று நான் நினைத்த நேரத்தில் அந்த ஐயா மெதுவாகக் கேட்டார்: "அப்ப இங்க சிறுத்தை வருமா? நாங்க பார்க்கேலுமா?"

அந்த அம்மா அதற்குள் கேமராவை எடுக்க எழும்பிவிட்டார்.

அவர்களுக்குச் சோறு போட்டேன். எப்படிப் போட்டேன் என்று கேட்காதீர்கள். பல்புகள் அன்று விடிய விடிய எரிந்தன. அணையாமல் இருக்கிறதா என்று ஐந்தாறு தடவை எட்டிப் பார்த்தேன்.

திங்கட்கிழமை பின்னேரம் முதலாளி போன் எடுத்துப் பேசினார். "தங்கச்சி, அந்த ஆக்கள் எழுதியிருக்காங்க. சாப்பாடு நல்லமாம். ஆனா கீழ வெளிச்சம் கூடவாம். இத வாசிச்சா இனி வாறவங்க யோசிப்பாங்களே."

"யோசிக்கட்டும்."

"சனி ஞாயிறுல மட்டும் அந்தப் பீலி லைட்ட அணைச்சா என்ன?"

"ஒங்க வீட்டுப் பொம்பளப் பிள்ளைங்கள இருட்டுல அந்தப் பீலிக்கு அனுப்புவீங்களா முதலாளி? அனுப்புவீங்கன்னா சொல்லுங்க, நானே அணைக்கிறேன்."

 "ஏன் தங்கச்சி இப்படியெல்லாம் பேசுறீங்க" என்றார். "சரி, எரியட்டும். யாவாரம் படுத்தா என்னத் திட்டாதீங்க." சலித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் சொன்னார்.

அதைச் சொல்லிவிடலாம் என்று கீழே போனேன். மேலே வீட்டில் விருந்தாளி ஒருவர்கூட இல்லை. முதல் கொட்டில்காரி கொழுந்து மலையிலிருந்து வந்து, கை கால் கழுவி, பீலியில் பல்பைப் போட்டுவிட்டுக் குடத்தை வைத்திருந்தாள். வெளிச்சம் தண்ணீரில் நன்றாக விழுந்திருந்தது. நான் சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தேன்.

"அந்த ஆளுக எழுதியிருக்காங்களாம், கீழ வெளிச்சம் கூடன்னு..."

மீதியைச் சொல்ல அவள் விடவில்லை. முகம் விழுந்துவிட்டது. "ஐயோ" என்றாள். குடம் நிறைந்து வழிய, அவள் கை தானாகச் சுவிட்சுக்குப் போனது.

அந்தக் கையில் ஓங்கி ஒன்று போட்டேன்.

அவள் கையைத் தேய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "வலிக்குதுக்கா" என்றாள்.

"வலிக்கட்டும்" என்றேன்.