எந்த லெஃப்ட்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. எங்கள் வீட்டில் அது மனைவியின் வேலை. தினமும் விவேக் நகரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ஓட்டிப் போய் வருகிறாள். நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். ஆனாலும் காரில் எனக்கும் ஒரு பங்கு வேண்டுமே என்று பராமரிப்பு இலாகாவை நானாகவே எடுத்துக்கொண்டேன். அதுவரை அந்த இலாகா செய்த ஒரே சாதனை கண்ணாடி துடைத்தது.

ஒருநாள் சாப்பிடும்போது, "லெஃப்ட் ஹெட்லைட் போயிடுச்சுங்க. ஓரத்துல நடக்கறவங்களே தெரிய மாட்டேங்கறாங்க. மெக்கானிக்கிட்ட விட்டுடவா?" என்றாள்.

மெக்கானிக் என்ற சொல் என்னைச் சீண்டிவிட்டது. "ஒரு பல்பு மாத்த மெக்கானிக்கா? நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

ஒரு வாரம் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். அப்புறம் கடைக்குப் போய், லெஃப்ட் சைடு பல்பு வேண்டும் என்று அழுத்திக் கேட்டேன். "ரெண்டு சைடுக்கும் ஒண்ணேதான் சார்," என்றார் கடைக்காரர். அதையும் தெரிந்ததைப் போலவே கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை பானெட்டைத் திறந்து காரின் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். என் இடது கைப்பக்கம் இருந்த விளக்கின் பின்னால் கையை விட்டுப் பழைய பல்பை உருவினேன். புது பல்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாதாம். டிஷ்யூ பேப்பரில் பிடித்து, ஆபரேஷன் தியேட்டரில் நிற்கிற பாவனையில் உள்ளே வைத்தேன். பல்பை இறுக்கிப் பிடிக்கிற கம்பி மட்டும் கொக்கியில் மாட்ட மாட்டேன் என்று அடம்பிடித்தது. போனால் போகிறது என்று ரப்பர் மூடியைப் போட்டு மூடினேன். மனைவி சுவிட்சைப் போட்டதும் நான் மாற்றிய விளக்கு பளிச்சென்று எரிந்தது. மற்றதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கட்டை விரலைத் தூக்கிக் காட்டி அவளை அனுப்பி வைத்தேன்.

அன்று இருட்டியதும் போன் வந்தது. "ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி இறங்கினேன், ரெண்டு லைட்டும் இல்லீங்க. ஓசூர் ரோட்ல ஓரமா நிக்கறேன்." குரல் நடுங்கியது. போய் வண்டியை எடுத்து வரவும் வக்கில்லாமல், "பயப்படாத, பயப்படாத" என்று சொல்லிக்கொண்டு ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். கடைசியில் அவளுக்குத் தெரிந்த கம்பெனி கேப் டிரைவர் ஒருவர் மெதுவாக முன்னால் போக, அந்த வண்டியை ஒட்டியே வீடு வந்து சேர்ந்தாள்.

கீழே பார்க்கிங்குக்கு ஓடினேன். அவள் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வைத்த பல்பு சாய்ந்து தொங்கியது.

"எந்தப் பக்கம் மாத்தினீங்க?"

"இதான். லெஃப்ட்."

"இது உங்க லெஃப்ட்டுங்க. வண்டிக்கு ரைட்டு. எரிஞ்சிட்டிருந்த பல்பைக் கழட்டியிருக்கீங்க."

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "முன்னாடி நின்னு பார்த்தா இதுதானே லெஃப்ட்?" என்று வாதாடினேன்.

அவள் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். "உக்காருங்க."

கார் வாங்கியதிலிருந்து நான் அந்தச் சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. அவள் பல்பை நேராக்கி, கம்பியைக் கொக்கியில் மாட்டி, பானெட்டை மூடினாள். பார்க்கிங்கின் டியூப் லைட்டையும் அணைத்தாள்.

"இப்பப் போடுங்க."

போட்டேன். எதிர்ச் சுவரின் வலது பாதியில் வெளிச்சம் விழுந்தது. இடது பாதி அப்படியே இருட்டாக இருந்தது. அவள் காலடிச் சத்தம் அந்தப் பக்கம் போய் நின்றது.

"நான் தெரியறனா?"

கண்ணை இடுக்கிப் பார்த்தேன். "தெரியலை," என்றேன்.

"நீங்க வீடியோ பார்த்த ஒரு வாரமும் நான் இப்படித்தாங்க ஓட்டிட்டு வந்தேன்," என்றாள்.