திக்காமல் பேசிய பத்து நிமிடம்

எனக்கு ஐந்து வயதிலிருந்து திக்குவாய். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் பாதிப் பேருக்கு அது தெரியாது. திமிர் பிடித்தவன், அதிகம் பேசமாட்டான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும். 'ப'வில் தொடங்கும் சொல் வந்தால் சட்டென்று வேறு சொல்லுக்குத் தாவிவிடுவேன். பஸ்ஸில் பூந்தமல்லி என்று கேட்க வாய் வராமல், கரையான்சாவடிக்கு டிக்கெட் எடுத்து மிச்சத்தை நடந்த நாட்கள் உண்டு.

போன வருடம் ஆவடியில் ஒரு ஸ்பீச் தெரபிஸ்டிடம் போக ஆரம்பித்தேன். சனிக்கிழமை முக்கால் மணி நேரம். மூச்சுப் பயிற்சி எல்லாம் சொல்லிக்கொடுத்தார். அது கிடக்கட்டும், அங்கே நான் திக்கலாம். ஒரு சொல்லோடு நான் எவ்வளவு நேரம் மல்லுக்கட்டினாலும் அவர் குறுக்கே வந்து முடித்துக்கொடுக்க மாட்டார், காத்திருப்பார். நினைத்ததை நினைத்த சொல்லிலேயே சொல்ல எனக்கிருந்த ஒரே இடம் அது. தனி அறையில் குடியிருப்பவனுக்கு அது சின்ன விஷயமில்லை.

என் சம்பளத்தில் அது தாங்கவில்லை. கம்பெனி இன்சூரன்ஸில் கேட்டேன். அவர்களுடைய டாக்டர் வீடியோ காலில் பேசிப் பார்த்து முடிவு செய்வாராம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சனிக்கிழமை கிடையாது.

இந்த இன்சூரன்ஸ் விஷயம் தெரிந்த ஒரே ஆள் பக்கத்து மெஷின்காரன். "மச்சான், அவரு கேக்கசொல்ல நல்லா திக்கிடு. இன்னா, புரிதா?" என்றான். சிரித்தேன். எனக்கா திக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்?

வீடியோ கால் வந்ததும் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசினேன். "என்ன வேலை சார் பாக்கறீங்க?" என்றார் டாக்டர். பிரஸ் ஆபரேட்டர் என்று சொல்லியிருந்தால் போதும், அந்த 'பி'யே என் கேஸை ஜெயித்திருக்கும். "மெஷின் ஓட்டறேன்" என்றேன். வீடு எங்கே என்றார். "கரையான்சாவடி தாண்டி." ஒவ்வொரு கேள்விக்கும் வழுக்கிக்கொண்டு போகிற சொல்லாகப் பொறுக்கிப் போட்டேன். திக்குடா, திக்குடா என்று உள்ளே அடித்துக்கொண்டது. முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் என் வாய் கோணுவதைக் காட்ட முடியவில்லை. வெட்கம், வேறொன்றுமில்லை.

"நல்லாத்தானே பேசறீங்க" என்றார். சொன்னால் கேவலம், எனக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது.

அடுத்த வாரம் மெசேஜ் வந்தது. சிகிச்சை அவசியமில்லை, வேண்டுமானால் மறுபடி விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாலும் நான் இதையேதான் செய்வேன் என்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெரபிஸ்ட் போன் செய்தார். "நாளைக்கு வர்றீங்க இல்ல?"

"குணமாயிடுச்சு மேடம். இனிமே தேவை இருக்காதுன்னு நெனைக்கறேன்" என்றேன். ஓர் எழுத்துகூடத் திக்கவில்லை. அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. நான் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது காத்திருப்பாரே, அதே மாதிரி காத்திருந்தார். நான் போனை வைத்துவிட்டேன்.