பின் கண்ணாடியில் நாலு கோடு

வண்டிகளைப் பரிசோதிக்கும் அலுவலகத்துக்கு நேர் எதிரே இருந்தது பிளேடு அக்காவின் கொட்டகை. பாதி வெளிச்சமாவது கண்ணாடி வழியே உள்ளே போகவேண்டும் என்பது சட்டம். ஆய்வாளரின் மீட்டர் குறைவாகக் காட்டினால், அந்த வண்டி நேரே அவளிடம்தான் வரும். ஆவி காட்டி, ஓரத்தில் பிளேடைக் கொடுத்து, ஒட்டிய சுவடே தெரியாமல் கறுப்பு பிலிமை உரித்துவிடுவாள். அந்தப் பெயருக்குப் பாதிக் காரணம் பிளேடு, மீதி அவள் வாய். உள்ளே அப்படி என்ன ரகசியம் என்று கேட்காமல் ஒரு காரையும் அவள் அனுப்பியதில்லை.

அன்று வந்தது அவளுடைய மாப்பிள்ளையின் கார். அவரிடம் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்க வாய் வரவில்லை. மகள் பேசிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. போன் கெட்டுப்போச்சு என்றார் மாப்பிள்ளை. போன வாரம் கேட்டபோது தூங்குகிறாள் என்று சொல்லியிருந்தார்.

பிலிமைக் கண்ணாடியின் உட்பக்கம்தான் ஒட்டுவார்கள். அதனால் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஆவி வெளியே போய்விடும் என்று கதவைச் சாத்திவிட்டு அவர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். வலப்பக்கத்தை உரித்து முடித்து இடப்பக்கம் திரும்பியவளுக்குக் கை அப்படியே நின்றது. கைப்பிடிக்கு மேலே, பிலிமில் நாலு கோடு. அதற்கடியில் மறுபடியும் நாலு. நகக் கீறல். ஒன்றின் நுனியில் மகள் எப்போதும் போடும் அரக்கு நிற நகப்பூச்சு ஒட்டியிருந்தது.

"நாய் கீறினது, அத்தை. சீக்கிரம் உரிச்சிடுங்க" என்றார் மாப்பிள்ளை, திரும்பாமலே.

அந்த வீட்டில் நாயே கிடையாது. மெல்லக் கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். கதவு உள்ளிருந்து திறக்கவில்லை.

"இதை நான் உரிக்கமாட்டேன், மாப்பிள்ளை. என் பொண்ணு எங்கே?"

அவர் சாவியைத் திருகினார்.

அவள் வலப்பக்கம் நகர்ந்து, உரித்த கண்ணாடியை உள்ளங்கையால் படபடவென்று அடித்தாள். எதிர் வாசலில் நின்றிருந்த ஆய்வாளர் நிமிர்ந்தார். அவள் முகம் அவருக்கு நன்றாகவே தெரிந்தது. கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். மகள் தட்டியபோது வெளியே யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அதை நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கார் நகரத் தொடங்கியது. அவள் இன்னும் பலமாக அடித்தாள்.